மெல்ல இறங்கும் காற்று
வாசகர் கேள்வி – பதில்: மிதிவண்டிப் பராமரிப்பு

மிதிவண்டி குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். முள்ளேறிய உடனே படுத்துவிடும் டயரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அதற்குக் கடைவரை தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு யோசனை தேவைப்படுவதில்லை. இரவில் அடித்த காற்று காலையில் பாதியாகிவிடுகிறது, ஒட்டுப் போட்ட பிறகும் இறங்குகிறது, கடையில் பார்த்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்னும் வகையிலான குறைகளே அம்பாசமுத்திரம் முதல் உவரி வரை பல ஊர்களிலிருந்தும் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மிதிவண்டியின் பின்சக்கரத்தில் மாலையில் காற்றடித்தால் விடிவதற்குள் பாதி இறங்கிவிடுகிறது. தெருமுனைச் சைக்கிள் கடை அண்ணாச்சி டியூபைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் சுற்றிலும் முக்கிப் பார்த்துவிட்டு, ‘இதில் பஞ்சரே இல்லை’ என்று திருப்பித் தந்தார். மறுநாளும் அதே கதைதான். டியூபையே மாற்றிவிடலாமா?
– ஆசிரியர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அண்ணாச்சி சொன்னது சரியாகவே இருக்கக்கூடும். டியூபில் துளையில்லாமல், வால்வின் வழியே காற்று வெளியேறிக்கொண்டிருக்கலாம். தொட்டியில் முக்குகிறவர்களில் பலர் வால்வைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு ரப்பர்ப் பகுதியை மட்டுமே முக்குவார்கள். கசியும் இடம் அவர்கள் கைப்பிடிக்குள்ளேயே இருந்துவிடும்.

நம் ஊர்ச் சாதாரண வண்டிகளில் இருப்பது டன்லப் வகை வால்வு. அதற்குள் செருகியிருக்கும் சிறிய உலோகத் தண்டின் பக்கவாட்டில் ஒரு நுண்ணிய துளை உண்டு. அத்துளையை மூடியபடி தண்டின்மேல் ஏற்றியிருக்கும் மெல்லிய ரப்பர்க் குழலைத்தான் வால் டியூப் என்கிறோம். பம்பிலிருந்து வரும் காற்று அந்தக் குழலைச் சற்றே விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்த காற்றே பிறகு குழலைத் துளையின்மேல் அழுத்தி அடைத்தும் விடுகிறது. இவ்வளவு எளிய அமைப்பு கெட்டுப்போவதற்கும் எளிய காரணங்களே போதும். வெயிலில் நின்று நின்று அந்த ரப்பர் பிசுபிசுத்துத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது நுனியில் வெடிப்பு விட்டுவிடும், அல்லது புதிதாகப் போட்டவர் சிக்கனம் கருதித் துளையை மட்டும் மறைக்கும் அளவுக்குக் கட்டையாக நறுக்கிப் போட்டிருப்பார்.

சக்கரத்தைக் கழற்றாமலே இதைச் சோதித்துவிடலாம். நன்றாகக் காற்றடித்துவிட்டு, வால்வு சக்கரத்தின் உச்சிக்கு வருமாறு சுழற்றி நிறுத்துங்கள். அப்போது வால்வின் வாய் தரையைப் பார்த்தபடி இருக்கும். இருமல் மருந்துப் புட்டியோடு தருகிறார்களே, அந்தச் சிறு அளவுக்குவளையில் தண்ணீர் நிரப்பி, போக்ஸ் கம்பிகளுக்கு இடையே கீழிருந்து மேலாக நுழைத்து, வால்வு முழுவதும் அமிழும்படி ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். வாயிலிருந்து குமிழ் வந்தால் வால் டியூப் போய்விட்டது என்று கொள்ளலாம். மேலே இறுக்கியிருக்கும் மூடியின் ஓரத்திலிருந்து வந்தால் மூடியை மீண்டும் இறுக்கிப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். ஆனால் மிக மெல்லக் கசியும் காற்று எச்சிலில் ஒரு குமிழை எழுப்புவதற்குக் கணிசமான நேரம் ஆகும் என்பதால், அவசரக்காரர்களிடம் அது பொய் சொல்லிவிடும்.

புதிய வால் டியூபைப் போடும்போது பழைய ரப்பரின் பிசினைத் தண்டிலிருந்து நகத்தால் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, புதியதைத் தண்ணீரில் நனைத்து, துளையைத் தாண்டித் தண்டின் தடித்த பகுதியில் ஏறி நிற்கும் வரை முறுக்கில்லாமல் தள்ள வேண்டும். வழுக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதிப்போய் விரைவில் கெட்டுவிடும். வால் டியூபை மாற்றிய பிறகும் காற்று இறங்கினால்தான் டியூபைக் கழற்றுவதில் பொருள் உண்டு.

கேள்வி: காற்றாலைகளுக்குப் போகும் மண்பாதை வழியாகத் தினமும் வேலைக்குச் செல்கிறேன். பஞ்சர் ஒட்டிய சில நாட்களிலேயே மறுபடி காற்று இறங்குகிறது. கடையில் பார்த்தால் பழைய ஒட்டு நன்றாக இருக்கிறது, அதற்கு அருகிலேயே புதுத் துளை விழுந்திருக்கிறது என்கிறார்கள். இதை நம்பலாமா?
– ராதாபுரம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நம்பலாம். கடைக்காரர் துளையை அடைத்திருக்கிறார். துளையிட்டது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் வழியில் கிடப்பவை பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் நெருஞ்சியுமாகத்தான் இருக்கும். முதல் இரண்டும் நீளமானவை, நேரானவை, கூர் மழுங்காதவை. டயரில் ஏறியதும் சாலையின் உரசலால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒடிந்து உதிர்ந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்து தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், அல்லது அதுவும் தெரியாது. உள்ளே தடவிப் பார்த்தாலும் டயர் தளர்ந்திருக்கும்போது நுனி தட்டுப்படாமல் போகலாம். ஆள் ஏறி அமர்ந்து டயர் தரையில் அமுங்கும்போது மட்டும் அது உள்ளே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை டியூபைத் தொட்டுத் தொட்டுச் சில நாட்களில் மயிரிழை அளவு துளையிட்டுவிடும். அதனாலேயே உங்களுக்கு நேர்வது உடனடிப் பஞ்சராக இல்லாமல் மெல்ல இறங்கும் காற்றாக இருக்கிறது. நெருஞ்சியின் குணம் வேறு. அதன் காய் காய்ந்தபின் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் பல முட்கள் வெவ்வேறு திசைகளில் நீட்டிக்கொண்டிருப்பதால், எப்படி விழுந்தாலும் ஒன்றாவது மேல்நோக்கி நிற்கும். மழைக்குப் பின் பாதையோரங்களில் படர்ந்து, மஞ்சள் பூப் பூத்து, காய்ந்த பிறகு அது செய்யும் வேலை இது.

முள்ளைக் கண்டுபிடிப்பதற்கு, டியூபிலுள்ள துளை டயரின் எந்த இடத்துக்கு நேராக இருந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். டயரைக் கழற்றுவதற்கு முன்பே, வால்வுக்கு நேராக டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். டியூபின் எந்தப் பக்கம் சங்கிலிப் பக்கமாக இருந்தது என்பதையும் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் துளை அகப்பட்டதும், அதை டயரோடு அதே நிலையில் சேர்த்துவைத்துப் பார்த்தால், தேட வேண்டிய இடம் ஒரு சாண் அளவுக்குள் அடங்கிவிடும். சங்கிலிப் பக்கத்தைக் குறிக்கத் தவறியவர்கள் வால்வுக்கு இரண்டு புறமும், அதே தொலைவில், இரண்டு இடங்களில் தேட வேண்டியிருக்கும். டயரில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அது அழகுக்காகச் செய்வதன்று. அடுத்த முறை இந்தச் சாக்பீஸ் கோடு தேவைப்படாது.

அந்த இடத்தில் டயரை உட்புறம் வெளியே தெரியுமாறு நன்றாக மடக்கிப் பிடித்தால் புதைந்த நுனி தலைநீட்டும். விரலால் தடவுவதைவிடப் பஞ்சினால் தடவுவது நல்லது. பஞ்சின் இழை முள்நுனியில் சிக்கிக்கொள்ளும், விரலும் தப்பும். நுனி அகப்பட்டதும் உட்புறமிருந்து ஊசியால் தள்ளி, வெளிப்புறமிருந்து சாமணத்தால் பிடுங்கி எடுக்க வேண்டும். ஒரு முள் கிடைத்துவிட்டதே என்று நிறுத்திவிடாமல் டயர் முழுவதையும் ஒரு சுற்றுத் தடவிவிடுங்கள். உங்கள் பாதையில் ஓடும் டயரில் ஒற்றை முள் மட்டும் இருந்தால் அதுதான் வியப்பு.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த மிதிவண்டியை ஓட்டுகிறேன். பஞ்சர் ஒட்டுகிறவர், துளை டியூபின் உட்பக்கத்தில், ரிம்மைத் தொடும் பகுதியில் இருப்பதாகக் கூறுகிறார். முள் அங்கே எப்படிப் போகும்?
– மாணவி ஒருவர், மானூர்

பதில்: போகாது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒட்டியவரும் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் உங்களுக்கு வீண் செலவு மிச்சமாகியிருக்கும்.

தரையைத் தொடும் பக்கத்தில் துளை இருந்தால் காரணம் சாலையில் இருக்கிறது. ரிம் பக்கத்தில் இருந்தால் காரணம் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. போக்ஸ் கம்பிகளின் முனைகள் ரிம்முக்குள் திருகப்பட்டிருக்கும் இடங்களை மறைத்து ஒரு ரப்பர்ப் பட்டை ஓடும். கடைகளில் ரிம் டேப் என்பார்கள். அது அறுந்திருக்கும், அல்லது ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய்ச் சில கம்பி முனைகளை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் கோணலை எடுப்பதற்காகக் கம்பிகளை முறுக்கியிருந்தால், முறுக்கிய கம்பியின் முனை முன்பிருந்ததைவிடச் சற்று உள்ளே ஏறி வந்திருக்கும். டயரைக் கழற்றியிருக்கும்போது ரிம்மின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவச் சொல்லுங்கள். நெருடும் முனையை அரத்தால் ராவி மழுக்கிவிட்டு, புதிய ரிம் டேப் போட்டால் போதும். அது உடனே கிடைக்காவிட்டால், பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டையாக நறுக்கி ரிம்மின் நடுவே இழுத்துக் கட்டுவது நம் பக்கத்துக் கடைகளில் நெடுநாளாக இருந்துவரும் முறை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

துளை இருக்கும் இடத்தைப் போலவே அதன் வடிவமும் காரணத்தைக் காட்டும். ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக இரண்டு சிறு வெட்டுகள் இருந்தால், காற்றுக் குறைந்த டயர் கல்லிலோ பாலத்தின் விளிம்பிலோ மோதியபோது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது என்று பொருள். திருகுப்புளியையோ ஸ்பேனரையோ விட்டு டயரை நெம்பியவர் கையால் விழுந்த வெட்டும் இதே போலிருக்கும். ஆனால் அது டயர் மாட்டிய அன்றே காற்றை இறக்கிவிடும் என்பதால் யார் காரணம் என்பது எளிதில் தெரிந்துவிடும்.

கேள்வி: பீடி இலை வாங்கி வரவும், சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கவும் மிதிவண்டிதான் எனக்குத் துணை. சைக்கிள் கடை தொலைவில் இருக்கிறது. பெரும்பாலும் நான் போகும் நேரத்தில் பூட்டியிருக்கும். வீட்டிலேயே பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். பெண்களால் முடியுமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகி ஒருவர், முக்கூடல்

பதில்: நாள் முழுதும் அளவு பிசகாமல் பீடி சுற்றும் கைக்குப் பஞ்சர் ஒட்டுவது கடினமன்று. இதற்கு வேண்டியது வலிமையைவிடப் பொறுமை. விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சிறு டியூப் சொல்யூஷன், ஆயத்த ஒட்டுகள் கொண்ட ஒரு பொட்டலம், ஒரு துண்டு உப்புத்தாள், டயரை நெம்புவதற்கான வழவழப்பான லீவர் இரண்டு, ஒரு கைப்பம்பு ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். சொல்யூஷன் டியூபை ஒரு முறை திறந்துவிட்டால், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சில மாதங்களில் உள்ளே காய்ந்துவிடும். ஆகவே பெரிய டப்பாவாக வாங்க வேண்டாம்.

வால்வைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, டயரின் இரு விளிம்புகளையும் சக்கரம் முழுவதும் கையால் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். இதைச் செய்தால் டயர் தளர்ந்து கொடுக்கும். செய்யாவிட்டால் எவ்வளவு நெம்பினாலும் வராது. டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்தால் போதும், டியூபை உருவிவிடலாம்.

வால்வை மீண்டும் போட்டு, டியூப் அதன் இயல்பான பருமனைவிடச் சற்றுக் கூடுதலாக உப்பும் வரை காற்றடியுங்கள். முதலில் தண்ணீருக்குப் போக வேண்டாம். விசிறியை நிறுத்திவிட்டு, டியூபை உதட்டுக்கு அருகில் மெல்லச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். காதுக்குக் கேட்காத கசிவையும் ஈரமான உதடு உணர்ந்துவிடும். அதில் அகப்படாவிட்டால் அகலமான சட்டியில் தண்ணீர் எடுத்து, டியூபைப் பகுதி பகுதியாக முக்கி, ஒவ்வொரு பகுதியையும் சற்று இழுத்துப் பிடித்துக் கவனியுங்கள். இழுத்தால் மட்டுமே திறக்கும் துளைகளும் உண்டு. ரப்பரின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் வெறும் காற்றுக் குமிழ்கள் தொடக்கத்தில் ஏமாற்றும். விரலால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள்: பொய்க்குமிழ் திரும்ப வராது, மெய்யான துளையாக இருந்தால் அதே புள்ளியில் கடுகளவுக் குமிழ் ஒன்று மீண்டும் தோன்றி, மெல்லப் பருத்து, பிரிந்து மேலே போகும், அடுத்தது பிறக்கும். வால்வையும் அதன் அடியையும் மறக்காமல் முக்குங்கள்.

துளை தெரிந்ததும், அது நடுவில் வருமாறு பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெரிய கூட்டல் குறி போடுங்கள். குறியின் கைகள் ஒட்டின் எல்லையைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்க்கும்போது நடுப்பகுதி அழிந்துவிட்டாலும் எஞ்சியிருக்கும் நான்கு கைகளும் துளை எங்கே என்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். பிறகு காற்றை இறக்கி, அந்த இடத்தை உலர்த்தி, ஒட்டைவிட அகலமாக, பளபளப்பு முழுவதும் போய்ச் சாம்பல் பூத்தது போல ஆகும் வரை தேயுங்கள். புது டியூபின் மேல் அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய பூச்சின் மிச்சம் இருக்கும். அதைத் தேய்த்து நீக்காவிட்டால் எந்தச் சொல்யூஷனும் பிடிக்காது. டியூபின் மேல் ஓடும் மேடான கோடு குறுக்கிட்டால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள். ஒட்டின் அடியில் அந்தக் கோடு இருந்தால் அதன் ஓரமாகவே காற்று வழி கண்டுவிடும்.

சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாக, மெல்லிய பூச்சாகத் தடவி, அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்களின் ஒட்டு பெயர்ந்து போவது இந்த இடத்தில்தான். சொல்யூஷன் சாதாரணப் பசை போன்றதன்று. ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் அதிலுள்ள கரைப்பான் ஒட்டின் அடியில் சிறைப்பட்டு, நாட்கணக்கில் வழுவழுவென்றே கிடக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஈரப்பளபளப்பு மறைந்துவிடும்; மழைக்காலத்தில் கூடுதல் நேரம் ஆகும். வாயால் ஊதி உலர்த்த வேண்டாம், மூச்சின் ஈரம் அதில் படியும். தீக்குச்சி கிழித்து எரித்து உலர்த்தும் பழக்கம் சில கடைகளில் உண்டு. பிடிக்க வேண்டிய படலத்தையே அது கருக்கிவிடும் என்பதோடு, வீட்டில் அது ஆபத்தும்கூட.

உலர்ந்தபின் ஒட்டின் அடிப்பக்கத் தாளை உரித்து, அந்தப் பக்கத்தை விரலால் தொடாமல், கூட்டல் குறியின் நடுவில் வைத்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். மேலிருக்கும் மெல்லிய கண்ணாடித்தாளை உரிக்க முயன்றால் ஒட்டின் ஓரமும் கூடவே எழும்பும். அது இருந்துவிட்டுப் போகட்டும். சுற்றிலும் எஞ்சியிருக்கும் சொல்யூஷன் டயரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சாக்பீஸ் பொடியையோ முகப்பவுடரையோ தூவிவிடுங்கள். ஒட்டியதைச் சோதிக்கும் ஆவலில் டியூபை வெளியே வைத்துப் பெரிதாக ஊதினால் புதிய ஒட்டு இழுபட்டுப் பிரியும். டயருக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும்.

மாட்டும்போது டியூப் உருவம் பெறும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்துக்கொண்டால் மடிப்பு விழாது. டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசிப் பகுதியைக் கையாலேயே ஏற்றுங்கள். முடித்ததும் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால், அதன் அடியில் சிக்கியிருக்கும் விளிம்பு தன் இடத்தில் போய் அமரும்.

கேள்வி: வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டியூப் வெடிக்கும் என்கிறார்கள். ஆனால் குறைத்து அடித்தால் பஞ்சர் அதிகமாகிறது. எது சரி?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காலையில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 45 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 60. நண்பகல் வெயிலில் நின்று டியூபுக்குள் இருக்கும் காற்று 57 டிகிரிக்குப் போனால், தனிவெப்பநிலைக் கணக்கில், அதாவது செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டினால், 300 என்பது 330 ஆகிறது. அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு கூடி 66 ஆகும். வெளிக்காற்றைக் கழித்தால் மானி காட்டுவது 51. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலே ஆனாலும் கூடுதல் இவ்வளவுதான். நல்ல டயரும் டியூபும் இதைத் தாங்கும். ஓரம் நைந்து நூல் தெரியும் டயராக இருந்தால் இந்த 6 பிஎஸ்ஐ இல்லாமலே ஒரு நாள் வெடிக்கத்தான் போகிறது.

வெயில் கெடுப்பது வேறொன்றை. அரைகுறையாக உலர்ந்த சொல்யூஷனில் ஒட்டிய பழைய ஒட்டுகள் சூட்டில் இளகி ஓரம் பெயர்கின்றன. வண்டி வெயிலில் நின்ற நாட்களில் மட்டும் காற்று இறங்குகிறது என்றால் புதிய துளையைத் தேடும் முன்பு பழைய ஒட்டுகளின் ஓரங்களைப் பாருங்கள். காற்றின் அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும்; அதற்குள் அடித்து, வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்றுக்கு வாரந்தோறும் காற்றடிக்க வேண்டும், மற்றொன்றுக்கு மாதம் ஒரு முறை போதும். இரண்டிலும் பஞ்சர் இல்லை என்று உறுதி செய்துவிட்டோம். பின் ஏன் இந்த வேறுபாடு?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தென்காசி

பதில்: துளையே இல்லாத டியூபிலிருந்தும் காற்று வெளியேறும், ரப்பரின் ஊடாகவே மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவிப் போகும். எவ்வளவு வேகமாகப் போகும் என்பது ரப்பரின் வகையைப் பொறுத்தது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலும், அதன்பின் சுமார் அரை நூற்றாண்டு வரையிலும், இயற்கை ரப்பர் டியூப்தான் இருந்தது. பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் 1937இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அது இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு நன்றாகக் காற்றைத் தாங்கும். இரண்டு வகையும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் இரண்டாவது வண்டியில் இருப்பது பியூட்டைலாக இருக்க வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வண்டிக்கு வாரந்தோறும் காற்றடிப்பது நோயன்று.

கேள்வி: ஒரு டியூபில் எத்தனை ஒட்டு வரை போடலாம்?
– பேட்டை வாசகர்

பதில்: எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஒழுங்காக ஒட்டிய பத்து ஒட்டுகள் உள்ள டியூப், கோணலாக ஒட்டிய ஒன்று உள்ள டியூபைவிட மேலானது. ஒட்டின் மேல் ஒட்டுப் போடும் நிலை வந்தாலோ, இழுத்தால் ரப்பரில் நுண்வெடிப்புகள் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். ஆயத்த ஒட்டுக்குப் பதிலாகப் பழைய டியூப் துண்டை வைப்பதானால் துண்டையும் தேய்த்து, அதிலும் சொல்யூஷன் தடவி உலர்த்தி, மூலைகளை வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். பெயர்வது மூலையில்தான் தொடங்கும்.

கேள்வி: கியர் வண்டியில் குற்றாலம் வரை நண்பர்களுடன் செல்வோம். டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் அடைப்புத் திரவத்தைப் போட்டுக்கொண்டால் ஒட்டும் வேலையே இருக்காது என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், ஆலங்குளம்

பதில்: முள் குத்திய சிறு துளைகளை அது அடைக்கும் என்பது உண்மை, நம் பக்கத்து முட்பாதைகளுக்குப் பயனுள்ளதுதான். ஆனால் வெட்டுகளையும், ரிம் பக்கத்துத் துளைகளையும் அது நம்பத்தக்க விதத்தில் அடைப்பதில்லை. நாளடைவில் உள்ளேயே காய்ந்தும் போகும். உங்கள் வால்வு மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற தடித்த வகையாகவோ, நடுத்தண்டைக் கழற்றக்கூடிய மெல்லிய வகையாகவோ இருந்தால் ஊற்றுவது எளிது. டன்லப் வால்வுள்ள வண்டியில் ஊற்றினால் அது வால் டியூபோடு ஒட்டி உறைந்து, அடைக்க வேண்டாத ஒரே துளையை அடைத்துவிடும். திரவம் ஊற்றிய டியூபில் பிறகு ஒட்டுப் போட நேர்ந்தால், துளையின் வழியே பிதுங்கி வரும் திரவத்தை முழுவதும் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டுப் பிடிக்காது. ஆகவே, திரவம் இருந்தாலும் பையில் ஒரு மாற்று டியூபையும் பம்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: களக்காட்டுச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்லும் வண்டியில் வால்வின் அடியிலேயே காற்றுக் கசிகிறது. வால்வும் சாய்ந்து நிற்கிறது. இரண்டு கடைகளில் ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.
– களக்காடு வட்டார விவசாயி

பதில்: கடைக்காரர்கள் சொன்னது சரி. வால்வும் ரப்பரும் இணையும் இடத்தில் கிழிந்தால் ஒட்டு படிவதற்குச் சமதளம் இல்லை. டியூபை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றியபின் வண்டியை முன்போலவே ஓட்டினால் புதியதும் அதே இடத்தில் போகும். வால்வு சாய்ந்திருப்பதே காரணத்தைச் சொல்கிறது. பாரத்துக்குப் போதிய காற்று இல்லாதபோது டயர் ரிம்மைப் பற்றிக்கொள்ளாமல், மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சிறிது சிறிதாக நகரும். அதோடு சேர்ந்து டியூபும் நகரும். ரிம்மின் துளையில் மாட்டிய வால்வு மட்டும் நகர வழியின்றி இழுபட்டு அடியில் கிழியும். தார் ஏற்றுவதற்கு முன் பின்சக்கரத்தில் டயர் அனுமதிக்கும் உச்ச அளவுக்குக் காற்றடித்துக்கொள்ளுங்கள். வால்வு ஒரு பக்கம் சாயத் தொடங்கியதைக் கண்டால், காற்றை இறக்கி, டயரையும் டியூபையும் கையால் பின்னுக்கு நகர்த்தி, வால்வை நேராக நிறுத்திவிட்டு மீண்டும் அடியுங்கள். டயரைக் கழற்றியிருக்கும்போது ரிம்மிலுள்ள வால்வுத் துளையின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். துரு ஏறிக் கூராகியிருந்தால் வட்ட அரத்தால் ராவிவிட வேண்டும். உவரியிலிருந்து இதே குறையை எழுதியிருக்கும் வாசகருக்கும் இந்தக் கடைசிக் குறிப்பே பதில்: கடற்காற்றில் இரும்பு ரிம் உட்புறம் செதில் செதிலாகத் துருப்பிடிக்கும்; அதை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பெயிண்ட் அடித்து, அது முழுவதும் காய்ந்தபின் புதிய ரிம் டேப்போடு மாட்டுங்கள்.